நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது என்றால் என்ன?

நீங்கள் கேட்டது இதுதான். ஓர் ஆங்கில நாவலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதில் ஒரு பெண் தன் அத்தை வீட்டுக்கு ஒரு ஜாடி ஜாம் எடுத்துக்கொண்டு போகிறாள். அத்தையோ வருஷம் முழுக்க ஜாம் காய்ச்சி அலமாரி நிறைய அடுக்கி வைத்திருப்பவர். கதவைத் திறந்ததும் சிரித்துக்கொண்டே "கோல்ஸ் டு நியூகாசில்" என்கிறார். அகராதியில் 'வீண் வேலை' என்று இருக்கிறது, 'விழலுக்கு இறைத்த நீர்' என்று போட்டுவிடலாமா, அது எந்த ஊர், அந்த ஊருக்கு ஏன் கரி கொண்டுபோகக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் விழலை விட்டுவிடுங்கள். விழலுக்கு இறைத்த நீர் என்றால் வாங்கிக்கொள்பவருக்குத் தகுதி இல்லை, எவ்வளவு கொடுத்தாலும் பலன் இல்லை என்று அர்த்தம். அந்த வரியைப் போட்டால் அத்தையை விழல் ஆக்கிவிடுவீர்கள். நியூகாசில் பழமொழியில் யாருக்கும் தகுதிக் குறைவு கிடையாது. கொண்டுபோகிற பொருளும் நல்ல பொருள், போய்ச் சேருகிற இடமும் நல்ல இடம். சிக்கல் ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பொருள் அங்கே ஏற்கனவே மலை மாதிரிக் குவிந்து கிடக்கிறது, உலகமே அதை வாங்க அங்கேதான் போகிறது. அங்கே போய் அதையே கொடுப்பதுதான் நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது. 'வீண் வேலை' என்பது தப்பு இல்லை, பாதிதான். எல்லா வீண் வேலைக்கும் இதைச் சொல்ல முடியாது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதும் வீண் வேலைதான், அதை எந்த ஆங்கிலேயரும் நியூகாசில் என்று சொல்ல மாட்டார்.

சரி, ஏன் நியூகாசில்? இங்கிலாந்தில் கரி கிடைத்த ஊர்கள் எத்தனையோ இருக்க, இந்த ஊர் மட்டும் எப்படிப் பழமொழிக்குள் போய் உட்கார்ந்தது? எனக்கு இந்தப் பழமொழியில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஊரின் முழுப் பெயர் நியூகாசில் அபான் டைன், அதாவது டைன் ஆற்றின் மேல் உள்ள நியூகாசில். இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில், ஸ்காட்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1080இல் இங்கிலாந்தை வென்ற வில்லியமின் மகன் ராபர்ட் அங்கே ஒரு புதுக் கோட்டை கட்டினார், ஊருக்குப் புதுக்கோட்டை என்றே பெயர் ஆகிவிட்டது. நம் ஊரிலும் அதே பெயரில் ஒன்று இருப்பது உங்களுக்கே தோன்றியிருக்கும். ஸ்டாஃபர்ட்ஷயரில் நியூகாசில் அண்டர் லைம் என்று இன்னொரு ஊர் உண்டு, அதற்கும் பழமொழிக்கும் சம்பந்தம் இல்லை.

டைன் ஆற்றின் இரண்டு கரையிலும் நிலக்கரிப் படுகை அதிக ஆழம் இல்லாமல் கிடந்தது. ஆனால் கரி கிடைப்பது மட்டும் ஒரு ஊரைக் கரி ஊர் ஆக்கிவிடாது. ரயில் வருவதற்கு முந்தைய காலத்தை நினைத்துப் பாருங்கள். மாட்டு வண்டியிலோ குதிரை மேலோ கரியை ஏற்றி மண் சாலையில் கொண்டுபோனால் சில மைல் தூரத்துக்குள்ளேயே வண்டிக்கூலி கரியின் விலையைத் தாண்டிவிடும். அதனால் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருந்த சுரங்கங்களின் கரி சுற்றுவட்டாரத்திலேயே எரிந்து முடிந்தது. நியூகாசிலுக்கு மட்டும் ஒரு பெரிய வசதி: சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே ஆறு, ஆறு போய்ச் சேருகிற இடத்தில் வட கடல், அந்தக் கடலோரமாகத் தெற்கே இறங்கினால் தேம்ஸ் முகத்துவாரம், அதற்குள் நுழைந்தால் லண்டன். தோண்டிய கரி தண்ணீர் வழியாகவே வாங்குபவர் வாசல் வரைக்கும் போய்விடும்.

இங்கே கரி என்ற சொல்லையே கொஞ்சம் பார்க்க வேண்டும். பழைய ஆங்கிலத்தில் 'கோல்' என்றால் பெரும்பாலும் மரக்கரிதான். பூமிக்குள்ளிருந்து எடுக்கிற கரி வந்தபோது அதை வேறுபடுத்த 'சீ கோல்', கடல்கரி, என்றார்கள். கடல் வழியாக வந்ததால் அந்தப் பெயர் என்றும், வடகிழக்குக் கடற்கரையில் அலை ஒதுக்கிய கரியைப் பொறுக்கியதால் என்றும் இரண்டு விளக்கம் உண்டு. நாமும் இதையேதான் செய்திருக்கிறோம். நமக்கும் கரி என்றால் முதலில் அடுப்புக்கரிதான், பூமிக்குள்ளிருந்து வந்ததற்கு 'நில' சேர்த்துக்கொண்டோம். அவர்கள் கடலைச் சேர்த்தார்கள், நாம் நிலத்தைச் சேர்த்தோம். பிறகு இங்கிலாந்தில் மரக்கரியின் உபயோகம் குறையக் குறைய, அடைமொழி போய், கோல் என்றாலே நிலக்கரி என்று ஆகிவிட்டது. பழமொழியில் 'கோல்ஸ்' என்று பன்மையில் வருவதும் பழைய வழக்கம்தான். கரியைக் கட்டி கட்டியாக எண்ணிப் பார்த்த காலத்துப் பேச்சு அது. இன்றைய ஆங்கிலத்தில் ஒருமையில்தான் சொல்வார்கள், பழமொழி மட்டும் பழைய உருவத்தை விடவில்லை.

லண்டனில் 13ஆம் நூற்றாண்டிலேயே கடல்கரிச் சந்து என்று ஒரு தெரு இருந்தது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் எட்வர்ட் அரசர், இந்தப் புகை தாங்க முடியவில்லை என்று லண்டனில் கடல்கரி எரிக்கத் தடை போட்டார். தடை நிலைக்கவில்லை. அப்புறம் ஊர் பெருத்தது, சுற்றியிருந்த விறகு போதவில்லை, விலை ஏறியது, ஏழை வீட்டு அடுப்பிலிருந்து தொடங்கிப் பணக்கார வீட்டுக் கணப்பு வரைக்கும் கரி நுழைந்தது. லண்டனின் மக்கள்தொகை 1600 வாக்கில் சுமார் 2 லட்சம், 1700 வாக்கில் 5 லட்சத்துக்கும் மேல். இத்தனை பேர் குளிர்காலத்தைத் தாண்டியதும் ரொட்டி சுட்டதும் பீர் காய்ச்சியதும் பெரும்பாலும் டைன் ஆற்றுக் கரியால்தான். 16ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஒரு நூறு ஆண்டுக்குள் அந்த ஆற்றிலிருந்து கப்பலேறிய கரி பத்து மடங்குக்கும் மேல் பெருகியது.

இப்போது ஒரு கப்பல் தலைவரின் இடத்தில் நின்று பாருங்கள், பழமொழி எங்கே பிறந்திருக்கும் என்று புரியும். நியூகாசிலில் கரி ஏற்றி லண்டனில் இறக்கியாயிற்று. திரும்பிப் போக வேண்டும். எடுத்துக்கொண்டு போக என்ன இருக்கிறது? அத்தனை கப்பலையும் நிரப்புகிற அளவுக்குக் கனமான சரக்கு எதையும் நியூகாசில் லண்டனிடம் கேட்கவில்லை. வெறுங்கப்பலாகப் போனால் காற்றில் கவிழ்ந்துவிடும். அதனால் மணல், சரளைக்கல், சுண்ணாம்புக்கல் என்று கிடைத்ததை அடியில் பாரமாகப் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். டைன் ஆற்றுக்கு வந்து அந்த மணலைக் கரையில் கொட்டிவிட்டுக் கரி ஏற்றினார்கள். இப்படிக் கொட்டிக் கொட்டியே ஆற்றங்கரையில் மணல் மேடுகள் எழும்பின. நியூகாசிலின் கிழக்குப் பக்கத்தில் பாரமேடு என்ற பொருளில் பாலஸ்ட் ஹில்ஸ் என்ற இடப்பெயர் இதனால் வந்ததுதான், அங்கே பிறகு ஒரு இடுகாடும் இருந்தது. கொட்டுவதற்கும் ஊர் நிர்வாகம் காசு வாங்கியது. கரி மட்டுமே வெளியே போகிற, மணல் மட்டுமே உள்ளே வருகிற ஒரு ஆற்றில், ஒருவர் கரியை ஏற்றிக்கொண்டு எதிர்த்திசையில் வருகிறார் என்று கற்பனை செய்யுங்கள். கரையில் நிற்கிற அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்திருப்பார்கள். பழமொழிக்குள் இருக்கிற படம் அதுதான்.

இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது, அது சட்டம். டைன் ஆற்றில் எந்தச் சரக்கு ஏற்றினாலும் இறக்கினாலும் நியூகாசில் ஊரில்தான் செய்ய வேண்டும் என்று எட்டாம் ஹென்றி காலத்திலேயே சட்டம் வந்துவிட்டது. 1600இல் முதலாம் எலிசபெத் ராணி, ஹோஸ்ட்மென் என்ற வணிகர் சங்கத்துக்குப் பட்டயம் கொடுத்தார். டைன் ஆற்றுக் கரியை வெளியாட்களுக்கு விற்கிற உரிமை அந்தச் சங்கத்துக்கு மட்டும்தான். பதிலுக்கு ஒவ்வொரு சால்ட்ரன் கரிக்கும் ஒரு ஷில்லிங் அரசுக்குப் போனது. சால்ட்ரன் என்பது கரி அளக்கிற பழைய அளவு, நியூகாசில் சால்ட்ரன் இரண்டரை டன்னுக்கும் கொஞ்சம் அதிகம். சுரங்கம் வைத்திருப்பவரே ஆனாலும் சங்கத்தில் இல்லை என்றால் கப்பல்காரருக்கு நேராக விற்க முடியாது. ஆகவே நியூகாசிலுக்கு ஒருவர் கரி கொண்டுபோனால் வாங்க ஆள் இருக்காது என்பது மட்டும் இல்லை, விற்கவே அவரை விட மாட்டார்கள். தேவையும் இல்லை, அனுமதியும் இல்லை. இந்த இரட்டைப் பூட்டை எந்த அகராதியும் சொல்வதில்லை, எனக்கு அது பெரிய குறையாகவே தெரிகிறது.

அந்தப் பூட்டால் அவதிப்பட்டவர்களும் உண்டு. ஆற்றின் வாயில் இருக்கிற நார்த் ஷீல்ட்ஸ் பக்கத்து ஆட்களின் வீட்டு வாசலிலேயே கப்பல் நிற்கும், ஆனால் அதில் எதையும் ஏற்றவோ இறக்கவோ முடியாது. அங்கே பீர் காய்ச்சிக்கொண்டிருந்த ரால்ஃப் கார்ட்னர் என்பவர் நியூகாசில்காரர்களை எதிர்த்து நின்று சிறைக்கே போனார். 1655இல், கரி வணிகத்தில் நியூகாசில் செய்கிற அநியாயங்களை எல்லாம் வரிசையாக எடுத்து வைத்து ஒரு புத்தகமே வெளியிட்டார். வட இங்கிலாந்தின் வணிக வரலாற்றில் எனக்குப் பெரிய மரியாதை உள்ள மனிதர் அவர். அவருடைய காலத்தில் அந்தப் பூட்டு உடையவில்லை.

நியூகாசில் கரி நின்றால் என்ன ஆகும் என்பதையும் அதே தலைமுறை பார்த்தது. அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் நியூகாசில் அரசர் பக்கம் இருந்தது. 1643இல் நாடாளுமன்றம் அந்த ஊருக்குக் கப்பல் போகக் கூடாது என்று தடுத்தது. கரிக்காசு அரசருக்குப் போகக் கூடாது என்பது நோக்கம். ஆனால் குளிரில் நடுங்கியது லண்டன்தான், அதுவும் நாடாளுமன்றத்தின் சொந்த ஊர். 1644 அக்டோபரில் ஸ்காட்லாந்துப் படை நியூகாசிலைப் பிடித்த பிறகுதான் கரி மறுபடி தாராளமாக வந்தது. அந்தக் குளிரில் கரி இல்லாமல் உட்கார்ந்த ஒரு ஊருக்கு, நியூகாசில் என்றால் கரி, கரி என்றால் நியூகாசில் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

1666இல் லண்டன் எரிந்து போனதே, அதற்குப் பிறகு செயின்ட் பால் தேவாலயத்தைத் திரும்பக் கட்டியது பெரும்பாலும் லண்டனுக்கு வருகிற கரி மேல் போட்ட வரியில்தான். இன்றைக்கு லண்டனில் நீங்கள் பார்க்கிற அந்தப் பெரிய குவிமாடத்துக்கு ஒவ்வொரு மூட்டைக் கரியிலிருந்தும் பங்கு போயிருக்கிறது.

கரியைச் சுமந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. நியூகாசில் பாலத்தின் வளைவுகள் தாழ்வானவை, ஆற்றின் மேல்பக்கம் ஆழம் குறைவு, கடற்கப்பல் உள்ளே வர முடியாது. அதனால் 'கீல்' என்கிற தட்டையான படகில் கரியை ஏற்றி, ஆற்றோட்டத்தோடு இறங்கி, ஆற்றுவாய்ப் பக்கம் நிற்கிற கப்பலுக்குள் மண்வெட்டியால் அள்ளி அள்ளிப் போடுவார்கள். ஒரு கீலில் 21 டன் கரி. கப்பலின் பக்கவாட்டு வாசல் தலைக்கு மேலே இருக்கும், கீழேயிருந்து வீச வேண்டும். சாண்ட்கேட் என்ற பகுதியில் குடும்பம் குடும்பமாக வாழ்ந்த இந்தக் கீல்காரர்கள் 1701இல், தங்களில் வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் விதவைகளுக்கும் ஒரு இல்லம் கட்டினார்கள். அவர்கள் கூலியிலிருந்தே பிடித்துச் சேர்த்த பணம் அது. அந்தக் கட்டடம் இன்னும் ஊரில் நிற்கிறது. ஜேம்ஸ் குக் என்கிற மாலுமி தொழில் கற்றதும் இந்தத் தடத்தில் ஓடிய கரிக்கப்பலில்தான். பிற்காலத்தில் அவர் பசிபிக் கடலுக்கு எடுத்துக்கொண்டு போன எண்டெவர் கப்பலும் முதலில் கரி சுமப்பதற்காக விட்பி என்ற கடலோர ஊரில் கட்டப்பட்டதுதான்.

இனி பழமொழிக்கு வருகிறேன். தாமஸ் ஃபுல்லர் என்ற பாதிரியார், இங்கிலாந்தின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அங்கே பிறந்த பெரியவர்கள், விளைகிற பொருள்கள், வழங்குகிற பழமொழிகள் என்று தொகுத்துக்கொண்டே போய் ஒரு பெரிய நூல் எழுதினார். அவர் 1661இல் இறந்துவிட, அடுத்த ஆண்டு நூல் வெளிவந்தது. அதில் நார்தம்பர்லாந்து மாவட்டத்துப் பழமொழிகளில் இது இருக்கிறது. ஏற்கனவே செய்து முடித்ததையே செய்வது, அல்லது தேவையில்லாத வேலையில் மெனக்கெடுவது என்று இரண்டாகப் பிரித்துப் பொருள் சொல்கிறார். உங்கள் அகராதி அந்த இரண்டாவது பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு 'வீண் வேலை' என்று நிறுத்திவிட்டது. ஃபுல்லர் அதைத் தொகுத்தபோதே அது மக்கள் வாயில் நன்றாகப் புழங்கிய சொல்தான், அவர் உண்டாக்கியது இல்லை.

பொருளும் ஊருமாகச் சேர்த்துச் சொல்கிற இந்த அச்சு இங்கிலாந்துக்கு மட்டும் உரியது இல்லை. ஸ்காட்லாந்தில் டைசார்ட்டுக்கு உப்பு கொண்டுபோவது என்பார்கள், டைசார்ட் உப்பளம் நிறைந்த ஊர், கடல் தண்ணீரை நிலக்கரியில்தான் காய்ச்சினார்கள். பாரசீகத்தில் கெர்மானுக்குச் சீரகம், ரஷ்யாவில் சமோவார் என்ற தேநீர்க் கொதிகலம் செய்கிற துலா ஊருக்குச் சொந்த சமோவாரோடு போவது, இந்தியில் பரேலிக்கே மூங்கில். இவற்றில் மிகப் பழையது ஏதென்ஸுக்கு ஆந்தை கொண்டுபோவது, கிமு 414இல் அரிஸ்டோஃபனீஸ் எழுதிய பறவைகள் நாடகத்திலேயே வருகிறது. ஆந்தை ஏதென்ஸ் நகரத் தெய்வமான அதீனாவின் பறவை, அவர்கள் வெள்ளிக் காசிலும் ஆந்தை முத்திரைதான். ஜெர்மன்காரர்கள் இன்றும் ஆந்தையைத்தான் சொல்கிறார்கள். நமக்கும் இரண்டு இருக்கிறது, அவற்றுக்குக் கடைசியில் வருகிறேன்.

டிமோத்தி டெக்ஸ்டர் கதையை நீங்கள் எங்காவது படித்திருக்கலாம். 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூபரிபோர்ட் ஊரில் வாழ்ந்த பணக்கார வணிகர். எதிரிகள் அவரை ஏமாற்ற நினைத்து நியூகாசிலுக்குக் கரி அனுப்பச் சொன்னார்களாம், அவரும் அப்படியே அனுப்ப, சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்ததால் நல்ல விலைக்கு விற்றதாம். மனிதர் உண்மையானவர், விசித்திரமானவர், நிறுத்தக்குறியே இல்லாமல் ஒரு புத்தகம் எழுதியவர். ஆனால் கரிக் கதையை வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மொழிபெயர்ப்பின் அடிக்குறிப்பில் போட்டுவிடவும் வேண்டாம். பழமொழி பிறந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு வாழ்ந்தவர் அவர், அதனால் மூலத்துக்கும் அவருக்கும் தொடர்பு கிடையாது.

ரயில் வந்ததும் இந்தக் கரியால்தான். சுரங்கத்திலிருந்து ஆற்றுக்குக் கரி இறக்க மரத் தண்டவாளம் போட்டுக் குதிரையை வைத்து இழுத்தார்கள். அந்தப் பாதைக்காக 1726 வாக்கில் கட்டிய காசி ஆர்ச் என்ற கல் பாலம் இன்னும் நிற்கிறது. நீராவி ரயில் எஞ்சினால் பேர்பெற்ற ஜார்ஜ் ஸ்டீஃபன்சன் 1781இல் பிறந்த வைலம் கிராமம் டைன் கரையில்தான், அவர் வீட்டு வாசலிலேயே அப்படி ஒரு தடம் ஓடியது. இந்த வளத்துக்குக் கொடுத்த விலையும் சிறியது இல்லை. 1812 மே 25 அன்று நியூகாசிலுக்கு எதிர்க்கரையில் ஃபெல்லிங் சுரங்கம் வெடித்து 92 பேர் இறந்தார்கள், அதில் சிறுவர்கள் நிறைய. சுரங்கத்துக்குள் பாதுகாப்பாகக் கொண்டுபோகிற விளக்கை ஹம்ப்ரி டேவி என்ற வேதியியலாளரும் ஸ்டீஃபன்சனும் தனித்தனியாகச் செய்தது அதற்கு மூன்று ஆண்டு கழித்து, 1815இல்.

அப்புறம் எல்லாம் இறங்குமுகம். பிரிட்டன் 1913இல் 28 கோடி டன்னுக்கும் மேல் கரி எடுத்தது, அதுதான் உச்சம். 1984 மார்ச்சிலிருந்து 1985 மார்ச் வரை நடந்த பெரிய வேலைநிறுத்தம் தோற்ற பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வடகிழக்கு இங்கிலாந்தின் கடைசி ஆழ்சுரங்கமான எலிங்டன் 2005 ஜனவரியில் நின்றது. நாட்டின் கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் நின்றது. கரியில் ஓடிய கடைசி மின்நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30 அன்று அணைந்தது.

இதற்கு நடுவில்தான் பழமொழி தலைகீழானது. 2000களில் இங்கிலாந்து மின்நிலையங்களுக்கு வெளிநாட்டுக் கரி தேவைப்பட்டது, அது டைன் துறைமுகத்தில் வந்து இறங்கியது. நானூறு ஐந்நூறு ஆண்டு கரி வெளியே போன அதே ஆற்றுக்குள் கரிக்கப்பல் நிறை பாரத்தோடு நுழைந்தது. செய்தித்தாள்களுக்குத் தலைப்பு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வேலை இழந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பத்துக்கு அந்தத் தலைப்பு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வலிக்கிறது. இப்போது கரியும் இல்லை, மின்நிலையத்தில் எரிக்க மரத்தூள் குச்சிகள் வந்து இறங்குகின்றன. ஊரில் கரி இல்லாமலே பழமொழி ஓடிக்கொண்டிருக்கிறது. ஏதென்ஸின் ஆந்தைக் காசு செல்லாமல் போய் இரண்டாயிரம் ஆண்டு ஆன பிறகும் ஜெர்மனியில் ஆந்தை பறப்பது மாதிரி.

ஆனால் உலகத்தில் இன்னொரு நியூகாசில் இருக்கிறது, அங்கே பழமொழி இன்னமும் எழுத்துக்கு எழுத்து உண்மை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், தப்பி ஓடிய கைதிகளைத் தேடிப்போன ஷார்ட்லண்ட் என்ற கடற்படை அதிகாரி 1797இல் ஒரு ஆற்று முகத்தில் கரியைப் பார்த்தார். 1799இலேயே அங்கிருந்து ஒரு கப்பல் கரி வங்காளத்துக்குப் போனது, ஆஸ்திரேலியாவின் ஏற்றுமதி தொடங்கியதே அப்படி என்பார்கள். 1804இல் கைதிகளை வைத்துக் கரி தோண்டுகிற குடியேற்றம் அமைத்து, இங்கிலாந்துக் கரி ஊரின் பெயரையே வைத்தார்கள். இன்று உலகத்திலேயே அதிகக் கரி ஏற்றுமதி செய்கிற துறைமுகம் அதுதான். ஆசியாவில் கரி விலை பேசுபவர்கள் 'நியூகாசில் விலை' என்று சொல்வது அந்த ஊரைத்தான்.

இப்போது உங்கள் வரிக்கு வருவோம். நமக்கு இருக்கிற இரண்டில் ஒன்று கொல்லன் தெருவில் ஊசி விற்பது. பொருள் மிக நெருக்கம், ஆனால் அதில் ஒரு குத்தல் இருக்கிறது. ஊசி விற்க வந்தவன் தன்னைவிடத் தேர்ந்த ஆட்கள் முன்னால் வித்தை காட்டுகிறான், அவனுக்கு அந்த அறிவு இல்லை என்று சொல்கிற தொனி. நாவலில் ஒரு இளம் எழுத்தாளன் மூத்த எழுத்தாளரிடம் போய் எழுதுவது எப்படி என்று பேசுகிற இடம் வந்தால் அதைப் போடுங்கள், கச்சிதமாக உட்காரும். அத்தை பேசுகிற இடத்தில் வேண்டாம். அவர் அந்தப் பெண்ணைக் குத்தவில்லை.

இன்னொன்று திருநெல்வேலிக்கே அல்வாவா என்பது. ஊர், அந்த ஊருக்குப் பேர் வாங்கிக்கொடுத்த பொருள், ஆச்சரியம், சிரிப்பு என்று அச்சு அசல் நியூகாசில்தான், தொனியும் அத்தைக்குப் பொருந்தும். இரண்டு தடை. அல்வா கொடுப்பது என்றால் நம் பேச்சில் ஏமாற்றுவது என்றும் ஆகிவிட்டது, அதனால் 'ஏமாற்றுக்காரனையே ஏமாற்றுவதா' என்ற வேறு பொருளும் கூடவே எட்டிப்பார்க்கும். அதைவிடப் பெரிய தடை, இங்கிலாந்துக் கிராமத்து அத்தை வாயில் திருநெல்வேலி வந்தால் வாசகர் கதையிலிருந்து வெளியே விழுந்துவிடுவார்.

நான் செய்வதாக இருந்தால் நியூகாசிலை அப்படியே வைத்து ஒரு 'ஏ' சேர்ப்பேன். 'நியூகாசிலுக்கே நிலக்கரியா!' அந்த ஒற்றை ஏகாரம் அடிக்குறிப்பு செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிடுகிறது. ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்குக்கூட, கரிக்குப் பேர்போன ஊர் போலிருக்கிறது என்று காதில் விழுந்த உடனே புரியும், ஏனென்றால் திருநெல்வேலிக்கே என்று சொல்லிச் சொல்லி அந்த அச்சு நமக்குப் பழகிவிட்டது. 'கரியா' என்று மட்டும் போட்டால் அடுப்புக்கரியும் கறியும் குழப்பும், 'நிலக்கரி' என்றே போடுங்கள். அடுத்த வரியில் மூலத்திலேயே அலமாரி வருகிறது என்று எழுதியிருந்தீர்கள், அது போதும். "வா வா, நியூகாசிலுக்கே நிலக்கரியா!" என்று சொல்லிவிட்டு அத்தை அந்த ஜாடியை வாங்கி மற்ற ஜாடிகளோடு வைக்கட்டும்.